அடிமேல் அடி: கீமோவுக்கு வழிவிடும் நுண்குமிழிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊரில் பாதிப் பேருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஐயா அவர்களே, மழையிலும் கூடத்தைத் திறந்துவைத்த நூலகர் அம்மா அவர்களே, நண்பர்களே, வணக்கம். கணையம், மூளை, நம் வீடு என மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். கணையப் புற்றுநோய்க் கட்டி அப்படியொரு அம்மிதான். நார்த்திசு இறுகி, உள்ளே ரத்த ஓட்டமே குறைவு. நரம்பில் ஏற்றும் கீமோ உடம்பெல்லாம் சுற்றி வாட்டும். கட்டிக்குள் மட்டும் சரியாகப் போகாது.

நார்வேயின் பெர்கன் நகரில், ஹௌக்கலாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதற்கு ஒரு வழி பார்த்தார்கள். ஜெம்சிட்டபைன் என்ற கீமோ மருந்தை ஏற்றியபின், ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிவதற்காகக் கொடுக்கும் சோனோவியூ குமிழிகளை நரம்பில் செலுத்தினார்கள். கொழுப்பு உறைக்குள் வாயு. ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. பிறகு வயிற்றின்மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தார்கள். ஒலி அலை படப்பட, குமிழிகள் சுருங்கி விரிந்து ரத்தக்குழாய்ச் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கும். சுவர் சற்று நெகிழ்ந்து மருந்தை உள்ளே விடும். 2016-இல் முடிவு வெளியானது. நோயாளிகள் 10 பேர். பாதிப் பேர் 17.6 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். முன்பு அந்த மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு அது 8.9 மாதம். 10 பேரை வைத்து, பழைய நோயாளிகளோடு ஒப்பிட்ட கணக்கு இது. பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆய்வில் சேர நோயாளியே எல்லாம் தெரிந்து கையெழுத்துப் போட வேண்டும். நம் வீடுகளில் அது நடக்குமா?

என் பெரியப்பாவுக்கும் கணையத்தில்தான் கட்டி. அண்ணன் அவரிடம் “அல்சர்” என்றே சொல்லிவைத்தார். ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டினார். ஃபைல் அட்டையில் ‘புற்றுநோய்’ என்றிருந்த இடத்தில் காலண்டர் தாளை வெட்டி ஒட்டினார். கீமோ பாட்டிலைச் சத்து மருந்து என்றார். பெரியம்மாவிடமும் அதே கதையைத்தான் சொன்னார். ஒருநாள் பெரியப்பா அந்தத் தாளை நகத்தால் சுரண்டிப் படித்துவிட்டார். அண்ணனைக் கூப்பிட்டு, “டேய், நிலத்தைத் தங்கச்சி பேருக்கு எழுதணும்னு இருந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன்டா” என்றார். அப்போது அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை.

மூளைக் கட்டிக்காக டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் 2015-இல் இதுபோன்ற குமிழிகளை வைத்துச் செய்ததை டாக்டர் ஐயா சொல்வார். எனக்கு நேரம் ஆகிவிட்டது.

நோயாளியிடம் நோயைச் சொல்லுங்கள். ஒரே நாளில் முடியாதுதான், அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இன்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் அவரே கேட்கட்டும். அப்புறம், டாக்டர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் உள்ளே வந்தால், அவரையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.