அதிவேகன் காத்திருந்தான்

நேயர்களுக்கு வணக்கம். பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் யார்தான் வெளியே பார்க்காமல் இருப்பார்கள்? பக்கத்துக் கம்பங்கள் சட்சட்டென்று கழியும். தூரத்து மலை மட்டும் நம்மோடு கூடவே வரும். அந்த மலையைப் பார்த்துவிட்டுக் கம்பத்தைப் பாருங்கள், அதன் வேகம் இரட்டிப்பாகத் தெரியும். அசையாத ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் வேகம் கண்ணில் படும். நான் பேச வந்ததே இதைத்தான்.

அனிமேஷன் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்தது இடைப்படம் வரையும் வேலை. மூத்த ஓவியர் முதல் நிலையையும் கடைசி நிலையையும் வரைந்து தருவார். நடுவில் உள்ளதை நாங்கள் நிரப்ப வேண்டும். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள், அதாவது ஃபிரேம்கள். ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தி, 12 ஓவியங்களில் வினாடியை ஒப்பேற்றுவது வழக்கம். ஒரு பையன் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்க வேண்டும். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து 12 தாளிலும் காலை மடக்கி, கையை வீசி, தலைமுடியைக் கலைத்து வரைந்தேன். மூத்தவர் தாள்கட்டைப் புரட்டினார். பையன் சாவகாசமாக உலாப் போனான்! அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக உருவினார். ஒன்பது போய் மூன்று மிஞ்சியது. நடுத்தாளில் பையனின் உருவத்தை அழித்து, சட்டையின் நிறத்தை மட்டும் நீளமாக இழுத்துவிட்டார். கடைசித் தாளில் மேசைமேல் ஒரு காகிதம் எழும்புவதாக வரைந்தார். மறுபடி புரட்டினார். பையன் போயே போய்விட்டான், காகிதம்தான் படபடத்தது. வேகம் வேண்டுமென்றால் படத்தைக் குறைக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கதைக்கும் அதே கணக்குதான். டீன் டைட்டன்ஸ் என்ற, இளம் சாகச வீரர்களின் கார்ட்டூன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் அதில் கிட் ஃபிளாஷ் என்ற அதிவேகப் பையன் விருந்தாளியாக வந்தான். காமிக்ஸில் இவன் 1959-லேயே பிறந்தவன். ஃபிளாஷ் என்கிற பெரிய வீரர் இவனுடைய அத்தையைக் கட்டப்போகிறவர். அவர் பின்னாலேயே ஓடும் சிறுவன் இவன். தொடரில் அந்தப் பெரியவர் பக்கத்தில் இல்லை. தொடரின் நாயகர்கள் ஐவரும்கூட அன்று ஊரில் இல்லை. அப்படியானால் இவனை யார் கண்ணால் பார்க்கிறோம்? ஜிங்ஸ் என்ற வில்லிப் பெண்ணின் கண்ணால்!

கதை எழுதியவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த தீர்மானம் அது. இமைக்கும் நேரத்தில் ஊரைச் சுற்றுகிறவனுக்கு அவளைத் தோற்கடிப்பது ஒரு வேலையே இல்லை. கதை முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும். அதனால் வேகத்தால் ஆகாத ஒன்றை அவன் கையில் கொடுத்தார்கள். அவள் திருடுவதை இவன் குலைக்கிறான், சீண்டுகிறான், ரோஜாப் பூ தருகிறான், நீ இதைவிட நல்லவளாக இருக்கலாம் என்கிறான். அவள் மனம் மாறுவது அவள் வேகத்தில்தான் நடக்கும். அதுவரை உலகத்திலேயே வேகமான பையன் பொறுத்திருக்க வேண்டும். நம் பேருந்து ஜன்னலில் தெரிந்த மலை இங்கே ஜிங்ஸ்தான். தான் மதித்த மேடம் ரூஜ் என்ற கொடியவளையே அவள் எதிர்த்து நிற்கிறாள். தொடரின் பின்பகுதியில் டைட்டன்ஸ் பக்கமே வந்து சேருகிறாள்.

குரலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. ஒரே வரி: ஜஸ்டிஸ் லீக் தொடரில் பெரிய ஃபிளாஷுக்குப் பேசிய மைக்கேல் ரோசன்பாம்தான் இந்தப் பையனுக்கும் பேசினார். 1997-ல் சூப்பர்மேன் தொடருக்கு ஃபிளாஷ் விருந்தாளியாக வந்து, இருவரும் உலகத்தைச் சுற்றி ஓடிய பந்தயம் ஒன்று உண்டு. யார் ஜெயித்தார் என்று கடைசிவரை காட்டவே மாட்டார்கள். கிடைத்தால் பாருங்கள். வணக்கம்.