புதிய பையரைத் தேடும் திருப்பூர்: ஏஐ எந்த வேலைக்கு, ஆள் எந்த வேலைக்கு?

[திரையில்: திருப்பூரில் ஒரு தையல் கூடம், அதன் மேல் ‘2025 ஆகஸ்ட் 27’ என்ற எழுத்து]

வணக்கம். 2025 ஆகஸ்ட் 27 முதல், இந்தியாவிலிருந்து வரும் பெரும்பாலான சரக்குகளின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அந்த விகிதம் பிறகு எப்படி மாறினாலும், ஒரே நாட்டிலுள்ள இரண்டு மூன்று பையர்களை, அதாவது ஆடை வாங்கும் நிறுவனங்களை, மட்டும் நம்பி ஆலை நடத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்று திருப்பூர் நேரடியாக உணர்ந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், இந்திய ஆடைகளுக்கான இறக்குமதி வரியை நீக்க வழிசெய்யும் வணிக ஒப்பந்தத்தில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்டிருந்தன. ஆகவே, இதுவரை அமெரிக்காவுக்கே டீ-சர்ட்டும் குழந்தைகள் ஆடையும் அனுப்பிவந்த ஒரு நடுத்தர நிறுவனம், இப்போது பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பையர் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேடலில் செயற்கை நுண்ணறிவை (ஏஐ) எந்த வேலைக்கு அமர்த்துவது என்பதே இந்தக் காணொளியின் பொருள்.

கண்காட்சியில் ஸ்டால் போடுவது, பையிங் ஏஜென்ட் வழியாகப் போவது, பழைய பையரிடம் அறிமுகம் கேட்பது ஆகிய மூன்றும் இன்றும் செல்லுபடியாகும் வழிகளே. அவற்றைக் கைவிடச் சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை. மாறியிருப்பது நான்காவது வழி, அதாவது முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்கு நாமே எழுதுவது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவருவதற்கு முன், பையருடன் பேசி ஆர்டரை நடத்தும் ஒரு மெர்ச்சண்டைசர் நல்ல ஆங்கிலத்தில், அந்த நிறுவனத்தைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினால், அதற்கே கணிசமான நேரம் பிடித்தது. கடிதம் நன்றாக இருந்தாலே, அனுப்பியவர் உழைத்திருக்கிறார் என்று பெறுபவர் ஊகித்துக்கொள்ள முடிந்தது. இன்று அத்தகைய கடிதங்களை ஆயிரக்கணக்கில் சில நிமிடங்களில் உருவாக்கிவிடலாம் என்பதால், நல்ல நடைக்கு இருந்த அந்த மதிப்பு போய்விட்டது. “உங்கள் நிறுவனத்தின் அண்மைய வளர்ச்சியைக் கண்டு வியந்தேன்” என்று தொடங்கும் மின்னஞ்சலை யார் எழுதியது என்று கண்டுபிடிக்க லண்டனில் இருக்கும் சோர்சிங் மேலாளருக்கு, அதாவது யாரிடம் வாங்குவது என்று முடிவுசெய்பவருக்கு, இரண்டாவது வரி தேவைப்படாது.

எனவே எழுதும் வேலையை ஏஐயிடம் கொடுப்பதில் பெரிய ஆதாயம் இல்லை. படிக்கும் வேலையைக் கொடுப்பதில்தான் ஆதாயம் இருக்கிறது.

[திரையில்: சரக்குக் குறியீடுகள் 6109, 6111]

பிரிட்டனின் வரித்துறை, எந்தச் சரக்குக் குறியீட்டின் கீழ் எந்த நிறுவனம் எந்த மாதத்தில் இறக்குமதி செய்தது என்ற பெயர்ப் பட்டியலைத் தன் வணிகப் புள்ளிவிவரத் தளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. பின்னப்பட்ட டீ-சர்ட்டுகளும் பனியன்களும் 6109 என்ற தலைப்பிலும், பின்னப்பட்ட மழலையர் ஆடைகள் 6111 என்ற தலைப்பிலும் வரும். பட்டியலில் விலையும் அளவும் இருக்காது. பெயரும் முகவரியும் மட்டுமே இருக்கும். ஆனால் அந்தப் பெயரை வைத்து, அந்நாட்டின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸில், அவர்கள் தாக்கல் செய்த கணக்குகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அமெரிக்காவுக்குக் கடல்வழியே வரும் சரக்குகளின் பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) விவரங்களும் இதுபோலவே பொதுவெளியில் கிடைக்கின்றன. விரும்பிய இறக்குமதியாளர் தன் பெயரை மறைக்கக் கோரலாம் என்பதால் அதில் இடைவெளிகள் உண்டு.

மூன்றாவது மூலம், பிராண்டுகள் தாமே வெளியிடும் தொழிற்சாலைப் பட்டியல்கள். எச் அண்ட் எம் நிறுவனம் 2013இலேயே தன் சப்ளையர் பட்டியலை வெளியிட்டது. பிறகு பல பிராண்டுகள் அதைப் பின்பற்றின. ஓப்பன் சப்ளை ஹப் என்ற திறந்த தரவுத்தளத்தில் திருப்பூர் என்று தேடினால், இங்குள்ள எந்த ஆலை எந்த பிராண்டின் பட்டியலில் இருக்கிறது என்பது தெரியவரும். ஏற்கெனவே திருப்பூரில் வாங்கும் ஒரு பிராண்டிடம் ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்களுடைய இப்போதைய சப்ளையர் செய்யாத எதை நாம் செய்கிறோம் என்பதைச் சொன்னால் போதும்.

இவற்றைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான பெயர்கள் வரும். அவற்றில் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் இருக்கும், விளம்பர டீ-சர்ட் அச்சடிப்போர் இருப்பார்கள், கணக்கு முடிக்கும் நிலையில் உள்ள கடைகளும் இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் வலைத்தளத்தையும் ஆண்டறிக்கையையும் படித்து, குழந்தைகள் ஆடை விற்கிறார்களா, ஆர்கானிக் பருத்திக்கான காட்ஸ் சான்றிதழ் கேட்கிறார்களா, இந்தியாவில் வாங்குகிறார்களா என்று வகைப்படுத்துவது ஓர் ஆளுக்கு மாதக்கணக்கில் நீளும் வேலை. ஏஐ அதைச் சலிப்பில்லாமல் செய்யும்.

ஆனால் இங்கே ஒரு கண்டிப்பு வேண்டும். சாட்ஜிபிடி போன்ற ஏஐ கருவிகளை இயக்கும் மொழி மாதிரிகள், தெரியாத இடத்தில் நம்பத்தகுந்த பொய்யை நிரப்பிவிடும் இயல்புடையவை. இல்லாத ஒரு சோர்சிங் மேலாளரின் பெயரையும், நிறுவனத்தின் மின்னஞ்சல் வடிவத்தை ஒத்த ஒரு முகவரியையும் தயங்காமல் எழுதிக்கொடுக்கும். ஆகவே ஒவ்வொரு தகவலுக்கும், அது இருந்த பக்கத்தின் இணைப்பையும் அங்குள்ள வாக்கியத்தையும் அப்படியே கேட்டு வாங்க வேண்டும். ஆதாரம் இல்லாத கட்டத்தைக் காலியாக விடும்படி சொல்ல வேண்டும். இறுதியில் எஞ்சும் சில பத்துப் பெயர்களை மெர்ச்சண்டைசிங் அனுபவம் உள்ள ஒருவர் திறந்து பார்த்தே ஆக வேண்டும், ஏனெனில் ஒரு பிராண்டின் துணி எடையையும் பிரிண்ட் வகையையும் பார்த்து ‘இது நம் லைனுக்கு ஒத்துவராது’ என்று சொல்லும் கண்ணை ஏஐயிடம் நான் இன்னும் காணவில்லை.

[திரையில்: மின்னஞ்சல் பெட்டி, ‘0.3 சதவீதம்’]

பத்தாயிரம் பேருக்கு ஒரே இரவில் அனுப்புவதாக வாக்களிக்கும் மென்பொருளை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மின்னஞ்சல் அனுப்புவோருக்கு விதிகளைக் கடுமையாக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சரிபார்ப்புகளையும் அமைத்திருக்க வேண்டும். விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்யப்படும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலடைந்தாலே சிக்கல். குறைவாக அனுப்புவோருக்கும் பெயர் கெட்டால் விளைவு ஒன்றுதான்: அதே டொமைனிலிருந்து (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) பழைய பையருக்குப் போகும் இன்வாய்ஸ்கூட ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடக்கூடும்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில், பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களுக்கு முன்அனுமதி இல்லாமல் வணிக மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் அனுப்புபவர் யார் என்பதை மறைக்கக் கூடாது, வேண்டாம் என்றவரை விட்டுவிட வேண்டும். ஜெர்மனியில், பெறுபவர் நிறுவனமாகவே இருந்தாலும், வெளிப்படையான முன்அனுமதி இல்லாத விளம்பர மின்னஞ்சல் நியாயமற்ற போட்டிக்கு எதிரான சட்டத்தின்படி தவறு. ஜெர்மன் பையருக்குக் கண்காட்சியிலோ தபாலிலோ அறிமுகமாவதே பாதுகாப்பானது.

கடிதத்தைப் பொறுத்தவரை, அது ஐந்தாறு வரிகளில் முடிய வேண்டும். எதைப் பார்த்து எழுதுகிறோம், நம்மால் என்ன முடியும், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்பவை போதும். சொல்வதற்குத் திருப்பூரிடம் உண்மையான செய்தி இருக்கிறது: 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்குப் பின், கழிவுநீரை நொய்யல் ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு இந்த ஊர் மாறியது. தண்ணீர்ப் பயன்பாட்டைப் பற்றித் தன் அறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதும் ஓர் ஐரோப்பிய பிராண்டுக்கு, நம் துணி எந்தச் சாயப்பட்டறையில், எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் கீழ் சாயமேறுகிறது என்ற ஒரு வரி, ஏஐ எழுதும் பத்துப் பாராட்டு வரிகளைவிடப் பயன்படும். அந்த வரியை ஆலையில் இருப்பவர்தான் தர முடியும்.

பதில்களில் பல ‘இப்போது வேண்டாம்’ என்றுதான் வரும். கோடைக்கான ஆர்டரும் குளிர்காலத்துக்கான ஆர்டரும் பல மாதங்கள் முன்பே முடிவாகிவிடுவதால், அந்தப் பதிலைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்த சீசனுக்கு எப்போது வாங்கத் தொடங்குவார்கள் என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறித்துவைக்க வேண்டும். நினைவூட்டும் வேலையை, வாடிக்கையாளர் தொடர்புகளைக் குறித்துவைக்கும் சிஆர்எம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

‘உடனே வேண்டும், பெரிய ஆர்டர்’ என்று வரும் பதிலிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனெனில் கடிதம் எழுதும் அதே கருவி மோசடிக்காரரிடமும் இருக்கிறது. மின்னஞ்சலின் டொமைன் உண்மையான நிறுவனத்துடையதா என்று பார்த்து, அந்நிறுவனத்தின் பொது எண்ணுக்கு நாமே அழைத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு பையரின் நிதிநிலை குறித்த அறிக்கையை மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான இ.சி.ஜி.சி.யிடம் கட்டணம் செலுத்திப் பெறலாம். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு கடன் தவணையைப் பற்றிப் பேசலாம். அதுவரை முன்பணம் அல்லது எல்.சி. (பையரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) என்ற நிபந்தனையில் நிற்பதே முறை.