இடையில் நிற்பவருக்கு எவ்வளவு பங்கு?

அவையோர்க்கு என் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்குள் நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், பவர் டேபிள், செக்கிங் என எத்தனை கை மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். சேர்ந்து ஈட்டிய லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு 1953-இல் கணித அறிஞர் லாயிட் ஷாப்லி ஒரு வழி சொன்னார். கூட்டாளிகள் எந்தெந்த வரிசையில் வந்து சேரக்கூடுமோ அத்தனை வரிசைகளையும் எடுத்துக்கொண்டு, ஒருவர் வந்து சேரும்போது கூடுகிற மதிப்பின் சராசரியை அவருடைய பங்காக்க வேண்டும் என்பதே அது. யாரும் யாருடனும் சேரலாம் என்று அந்தக் கணக்கு கொள்கிறது. நம் ஊரிலோ அறிமுகம் இல்லாத இடத்தில் ஆர்டர் கைமாறாது. 1977-இல் பொருளாதார அறிஞர் ரோஜர் மயர்சன், நேராகவோ பிறர் வழியாகவோ தொடர்புள்ளவர்களே கூட முடியும் என்று வைத்து அதே கணக்கைப் போட்டார்.

மூன்று தையல் யூனிட்டுகளை எடுத்துக்கொள்வோம். தனியே எதற்கும் லாபமில்லை. எந்த இரண்டு சேர்ந்தாலும் 60 ஆயிரம் ரூபாய், மூன்றும் சேர்ந்தால் 72 ஆயிரம். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்தால் ஆளுக்கு 24. நடுவில் இருப்பவர் மட்டுமே மற்ற இருவரையும் அறிந்தவர் என்றால், மயர்சன் கணக்கில் அவருக்கு 44, ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தலா 14. இதில் என்னை ஈர்ப்பது ஒரு நியாயம்: நடுவில் இருப்பவர் ஓரத்தில் ஒருவருடன் தொடர்பை முறித்தால் மிஞ்சும் 60 தொடர்பில் உள்ள இருவருக்கும் ஆளுக்கு 30 ஆகிவிடும், முறிக்கப்பட்டவருக்கு ஒன்றுமில்லை; முறித்தவர், முறிக்கப்பட்டவர் இருவருக்குமே சரியாக 14 ஆயிரம் இழப்பு. தொடர்பின் மதிப்பு அதன் இரு முனைகளுக்கும் சமம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன விதியை நான் அறியேன்.

எனினும் 2005-இல் பொருளாதார அறிஞர் மேத்யூ ஜாக்சன் எழுப்பிய ஆட்சேபத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மயர்சன் இன்று இருக்கும் தொடர்புகளை மட்டுமே பார்க்கிறார். நாளை எளிதாக ஏற்படக்கூடியவற்றைப் பார்ப்பதில்லை. ஓரத்து இருவரும் ஒரே வீதியில் இருந்து, ஒருநாள் பேசிக்கொண்டாலே தொடர்பு உண்டாகுமென்றால், நடுவில் இருப்பவருக்கு 44 கொடுப்பதற்கு என்ன காரணம்? உண்டாகக்கூடிய தொடர்புகளையும் கணக்கில் சேர்க்கும் ஜாக்சனின் முறையில் இம்மூவருக்கும் 24 ஆயிரமே வரும். நடுவில் இருப்பவர் பல்லாண்டு அலைந்து தேடிய, வேறெவராலும் பெற முடியாத தொடர்பாக இருந்தால் மட்டும் மயர்சன் பங்கை அவருக்குத் தர நான் உடன்படுவேன்.