வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்: எழுதத் தெரிந்த அதிகாரிகள்

அவையோருக்கு வணக்கம்.

ஊட்டி மலை ரயில் குன்னூரை விட்டுக் கிளம்பினால் அடுத்த நிலையம் வெலிங்டன். ஜக்கதளா என்பது அந்த ஊரின் பழைய பெயர். அங்குள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியான ஸ்டாஃப் காலேஜைப் பத்திரிகைகள் ‘ராணுவப் பயிற்சிக் கல்லூரி’ என்று எழுதுகின்றன. படிப்பவருக்குத் துப்பாக்கியும் அணிவகுப்பும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாடமெல்லாம் பரங்கிமலையிலும் டேராடூனிலும் முடிந்துவிடும். வெலிங்டனுக்கு வருகிறவர்கள் பல ஆண்டு சர்வீஸ் போட்ட மேஜர்களும், மற்ற இரு படைகளில் அவர்களுக்கு நிகரானவர்களும். இவ்வளவு அனுபவம் உள்ளவர்கள் ஏறத்தாழ பத்து மாதம் அங்கே உட்கார்ந்து எதைக் கற்கிறார்கள்? பெரும்பாலும், தளபதியின் முடிவைக் கட்டளையாக எழுதக் கற்கிறார்கள்.

ஏன் எழுத்து என்று கேட்டால் 1854 அக்டோபர் 25ஆம் தேதிக்குப் போக வேண்டும். கிரிமியாவில் பாலக்ளாவா. மேட்டின்மேல் நிற்கும் பிரிட்டிஷ் தளபதி ராக்லன், தம் தரப்பு இழந்த பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துச் செல்லப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறார். குதிரைப்படை வேகமாக முன்னேறி அதைத் தடுக்கட்டும் என்கிறார். ஜெனரல் ஏரி அதைப் பென்சிலால் எழுதுகிறார். தாளில் ‘பீரங்கிகள்’ என்று இருக்கிறது. எந்தப் பீரங்கிகள் என்று இல்லை. கீழே பள்ளத்தாக்கில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கனுக்கு மேட்டிலிருந்து தெரிந்த காட்சி தெரியவில்லை. தாளைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டினார். எதைக் காட்டினார் என்பது இன்றும் வாதத்தில்தான் இருக்கிறது. சுமார் 670 குதிரை வீரர்கள் பள்ளத்தாக்கின் கோடியில் இருந்த வேறு பீரங்கி வரிசையின்மேல் போய் விழுந்தார்கள். வீரத்துக்குக் குறைவில்லை. எழுதியவர் தாம் நின்ற இடத்திலிருந்து எழுதினார், படித்தவர் வேறு இடத்திலிருந்து படித்தார், அவ்வளவுதான். 1858இல் பிரிட்டன் ஸ்டாஃப் காலேஜ் ஒன்றைத் தொடங்கியதற்குக் கிரிமியாவில் பட்ட அடி ஒரு பெரிய காரணம். அதுதான் பின்னாளைய கேம்பர்லி.

கேம்பர்லியில் இந்திய ராணுவத்துக்குக் கிடைத்த இடங்கள் சொற்பம். அதனால் கிச்சனர் தலைமைத் தளபதியாக இருந்தபோது, 1905இல், நாசிக் பக்கம் தேவ்லாலியில் தனிக் கல்லூரி தொடங்கியது. 1907இல் குவெட்டாவுக்குப் போனது. இந்தியாவின் பெயரில் நடந்த கல்லூரியில் முதல் இந்திய அதிகாரியாக கரியப்பா சேர்ந்தது 1933இல். இருபத்தெட்டு ஆண்டு! இந்தக் கணக்கைச் சொல்லாமல் குவெட்டாவின் பெருமையை மட்டும் பேசுவது நியாயமில்லை. பெருமையும் உண்டு: இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி அங்கே முதன்மைப் பயிற்றுநராக இருந்தார்; 1943இல் மானெக்‌ஷா படித்தார்.

1947இல் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிற்று. பீரங்கியைப் பங்கு போடலாம், கல்லூரியைப் பிளக்க முடியாது. இந்தியப் பங்குக்கு வந்தது வழக்கமும் சில ஆட்களும்தான். கர்னல் எஸ்.டி. வர்மாவிடம் புதிய இடத்தில் தொடங்கும் பொறுப்பு வந்தது. அந்த இடம் வெலிங்டன். பிறகு பர்மா காட்டில் ஜப்பானியர்களின் பின்புறம் ஊடுருவிப் போரிட்ட சிண்டிட் படையை நடத்திய லென்டெய்ன் 1955 வரை தலைவராக இருந்தார். தரைப்படைக் கல்லூரி முப்படைக் கல்லூரியானது அந்தக் காலத்தில்தான். 1959இல் மானெக்‌ஷாவே அதன் தலைவராக வந்தார்.

இனி வகுப்பறை. மாணவர்கள் சிறு குழுக்களாக உட்காருவார்கள். குழுவுக்குப் பெயர் சிண்டிகேட், நடத்துபவர் டி.எஸ். ஒரு தாக்குதல் கட்டளை ஐந்து பத்தி: நிலைமை, நோக்கம், செயல்படுத்தும் விதம், நிர்வாகமும் வழங்கலும், தலைமையும் தகவல் தொடர்பும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் படிப்பவனுக்கு எது எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இடத்தை வரைபட எண்ணால் குறிப்பார்கள். ஆறு இலக்கம், முதல் மூன்று கிழக்கு நோக்கி, அடுத்த மூன்று வடக்கு நோக்கி. 100 மீட்டர் சதுரம் வரை துல்லியம். 347612 என்பதை அவசரத்தில் 612347 என்று எழுதிவிட்டால் குண்டு விழுவது 37 கிலோமீட்டர் தள்ளி. பாலக்ளாவாவில் தாளில் இல்லாமல் போனது இந்த ஆறு இலக்கம்தான்.

அடுத்தது நேரக்கணக்கு. 60 லாரி, இடைவெளி 50 மீட்டர் என்றால், வண்டியின் நீளத்தை விட்டுவிட்டாலே அணி ஏறத்தாழ 3 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஒரு சந்திப்பைக் கடக்க 9 நிமிடம். மலைப்பாதையில் வேகம் 10க்கு இறங்கும், 18 நிமிடம். சமவெளிக் கணக்கை வைத்துக்கொண்டு அடுத்த அணியைப் பத்தாவது நிமிடம் வரச் சொன்னால் இரண்டும் நடுரோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். எதிரி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இந்த முறைக்கு ஒரு தீராத நோய் உண்டு. பி.சி.கே. என்பார்கள், முந்தைய பேட்ச்சின் சரக்கு. பழைய விடைகள் கைமாறி வரும். டி.எஸ். மனத்தில் இருக்கும் விடையை ஊகிப்பதில் மூளை செலவாகும். நிலத்தைப் பார்ப்பது நின்றுபோகும். வெறுமனே திட்டிப் பயனில்லை. மதிப்பெண் அடுத்த பதவியைத் தீர்மானிக்கும் வரை பழைய விடைக்குக் கிராக்கி இருக்கத்தான் செய்யும். கணக்கை மாற்றுவது ஒன்றுதான் வழி: ஆற்றின் அகலத்தைக் கூட்டுவது, பாலத்தை எடுத்துவிடுவது. பழைய விடையைக் கொண்டுவந்தவர் அப்போதும் தன் டாங்கிகளை அந்த இல்லாத பாலத்தின்மேல்தான் ஓட்டிச் செல்வார்.