செத்த பறவையைப் புதைக்கும் முன்

(பாறு கழுகு விழிப்புணர்வு நாளையொட்டி, கல்லூரி விலங்கியல் மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட வன அலுவலர் அவர்களே, கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அவர்களே, என்னை அழைத்த விலங்கியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, பின்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இணை இயக்குநர் அவர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவரும் நானும் ஒரே மருந்தகத்தில் பணியாற்றியவர்கள். கன்று ஈன முடியாமல் தவித்த எருமைக்கு நான் நள்ளிரவில் கைவைத்தபோது, விடியும்வரை டார்ச் லைட் பிடித்தபடி நின்றவர் அவர். இன்று அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் நடந்துவிடக்கூடிய காரியம் ஒன்றைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். பொன்னாடைக்குப் பதிலாக நீர்மத்தி மரக்கன்று தந்த மாணவர்களுக்கு என் நன்றி. மோயாற்றங்கரையில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுவது அந்த மரத்தில்தான்.

பறவை, நோய், நஞ்சு ஆகிய மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். மூன்றையும் ஒரு பழமொழியில் அடக்கிவிடலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். காடு வெந்ததா வேகவில்லையா என்று காட்டும் அந்த ஒரு சோறு, வரப்பில் செத்துக் கிடக்கும் பறவை. நாமோ அதைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறோம்.

முதலில் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் பழித்த பறவை. 1992 முதல் 2007 வரையிலான 15 ஆண்டுகளில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து சோறு உண்ட இரண்டு கழுகுகளை இங்கே வயதில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். தொண்ணூறுகளின் இறுதியில் அவையும் வராமல் போயின.

ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், பிறகு கிளையிலிருந்து விழும். வைரஸைத் தேடியே சில ஆண்டுகள் ஓடின. விடை கிடைத்தது பாகிஸ்தானில். லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞரின் குழு செத்த பாறுகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தது. ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்து செத்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட அந்த மருந்து இல்லை. 2004இல் இது வெளியானது. மாட்டின் வலிக்குப் போட்ட ஊசி, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கொன்றிருக்கிறது.

அந்த ஊசியை நானும் போட்டிருக்கிறேன். மடிவீக்கம், கால்வீக்கம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும். மறுநாள் மாடு எழுந்து நிற்கும், வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். என் பையிலிருந்த மருந்து வானத்தைக் காலி செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததுதான் என்றாலும் இந்த மேடையில் அதைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை மாடுகளில் மருந்து இருந்தால் ஓர் இனம் அழியும்? 760 மாட்டுச் சடலங்களில் ஒன்று முதல் 130இல் ஒன்று வரை நஞ்சாக இருந்தாலே அந்த வீழ்ச்சிக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை அது, ஈடுகட்ட முடியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றேன். இங்கே அந்த ஒரு சோறே பானை முழுவதையும் கெடுத்துவிட்டது.

2006இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது. அப்படியும், மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் அந்தக் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023இல் அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரொஃபேன் என்ற வலிமருந்துகளும் கால்நடைக்குத் தடையாயின. 2024 இறுதியில் நிமிசுலைடும். மெலாக்சிகம் என்ற வலிமருந்து பாறுகளுக்குக் கேடில்லாதது, உழவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தடைக்கும் பின்னால் அறுத்துப் பார்த்த ஒரு பறவை இருக்கிறது.

நோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா காட்டில் செத்து விழுந்த குரங்குகளை ஆராய்ந்ததால்தான் குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோய் தெரியவந்தது. 2019இல் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 10,000க்கும் மேற்பட்ட பறவைகள் மடிந்தன. பறவைக் காய்ச்சலோ என்று பயந்தார்கள். ஆய்வில் பொட்டுலிசம், அதாவது பாக்டீரியா நஞ்சு, என்று தெரிந்தது. இதைப் பற்றி இன்னும் பேச ஆசைதான், ஆனால் எனக்கு மயில் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் கொங்கு நாட்டில் ஒரு கிராம மருந்தகத்தில் இருந்தேன். சாயங்காலம் பூட்டப்போகும் நேரம், ஒரு பாட்டி முந்தானையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வேகவேகமாக வந்தார். பிரித்தால் பெட்டை மயில். வாயில் எச்சில் வடிகிறது, இறக்கை வெடவெடவென்று நடுங்குகிறது, கண்மணி கடுகளவு சுருங்கியிருக்கிறது. "ஏனுங் டாக்டருங்க, ஊசி போட்டாப் பொழச்சுக்குமுங்களா? இன்னும் நாலு சோளக்காட்டுல செத்துக் கெடக்குதுங்க" என்றார். பூச்சிமருந்துதான் என்று புரிந்துவிட்டது. முறிமருந்தான அட்ரோபின் போட்டேன். வனத்துறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அரைமணிக்கு ஒருமுறை கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாட்டி வீட்டுக்குப் போகவே இல்லை. மருந்தகத் திண்ணையில் உட்கார்ந்து முருகனை வேண்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் அந்த மயில் எழுந்து நின்றது. இரண்டடி நடந்தது. ஓட்டுக் கூரைமேல் தாவி ஏறி ஓர் அகவல் அகவியது பாருங்கள்! பாட்டி அழுதுவிட்டார், நானும்தான்.

வனவர் வந்தபின் அவர் முன்னிலையில் செத்த நான்கையும் அறுத்தேன். தீனிப்பை நிறைய சோள விதை, மூக்கைத் துளைக்கும் மருந்து வாடை. தீனிப்பை, ஈரல், மூளை எல்லாம் எடுத்தாயிற்று. உறைநிலையில் வைக்கப் பெட்டி இல்லை. மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பேருந்தில் மடியில் தாங்கிக்கொண்டு ஓர் ஆய்வகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை வா என்றார்கள். கெஞ்சியபின் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பல மாதம் கழித்து ஒரு வரி வந்தது: மாதிரி சிதைந்துவிட்டது, ஆய்வுக்கு உகந்ததல்ல.

பாட்டியிடம் போய்ச் சொன்னேன். "பொழச்சதுக்குக் காரணஞ் சொல்லறீங்க. செத்ததுக்குச் சொல்ல மாட்டீங்கறீங்களே" என்றார். அடுத்த விதைப்பில் அதே காட்டில் மறுபடி மயில்கள் செத்தன.

நஞ்சைப் பற்றிச் சொல்ல ஏராளம் உண்டு. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பறவைகளின் முட்டையோட்டை மெலிதாக்கியதை டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1967இல் காட்டினார். யார் யாரோ பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த பழைய முட்டைகளை எடைபோட்டுத்தான் கண்டுபிடித்தார். சேர்த்து வைத்ததால் தெரிந்தது. நாம் என்ன சேர்த்து வைத்திருக்கிறோம்? நம் ஊரில் செத்த பறவைகளின் ஈரல் எங்கே?

அதனால் இணை இயக்குநர் அவர்களிடமும் வன அலுவலர் அவர்களிடமும் நான் கேட்பது இதுதான். மாவட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவமனையில் காட்டுப் பறவை மாதிரிகளுக்கென்றே ஓர் உறைபெட்டி. செத்த பறவை கிடைத்த 24 மணி நேரத்துக்குள் இரு துறைகளும் சேர்ந்து உடற்கூறாய்வு. முடிவை 30 நாளில் அந்த ஊர்க்காரர்களுக்கே அறிவிக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், கூட்டுச் சுற்றறிக்கை ஒன்று போதும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், அந்த ஒரு சோற்றை எடுத்துப் பார்க்க ஒரு கரண்டி வேண்டாமா? அந்தக் கரண்டியைத்தான் கேட்கிறேன்.

மாணவர்களுக்கு ஒன்று. செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் குறித்துப் படம் எடுங்கள், அருகில் என்ன பயிர், எப்போது மருந்தடித்தார்கள் என்று கேளுங்கள், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். உழவரைக் குற்றவாளியாக்கிப் பேசாதீர்கள், கேட்டால் அவரே சொல்வார்.

கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. வன அலுவலர் அவர்கள் முதல் கையெழுத்தைத் தாமே போடுவதாகச் சற்று முன் சொன்னார். பேனா என் சட்டைப்பையில் இருக்கிறது, இறங்கி வருகிறேன். நன்றி, வணக்கம்.