கான்சல் எழுதிய காகிதம்

நண்பர்களே, வெளியுறவுக் கடிதம் என்றால் அமைச்சர்களும் தூதர்களும்தான் நம் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை 1861-லிருந்து இந்தக் கடிதங்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வருகிறது. புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் மரியாதை வழிகிறது. உண்மையைச் சொன்னால் கொட்டாவிதான். ஆனால், ஏதோ ஓர் ஊர்க்கோடியில் தனியாக உட்கார்ந்து ஒரு கான்சல், அதாவது வெளிநாட்டு நகரத்தில் தன் நாட்டவரின் காரியங்களையும் வணிகத்தையும் கவனிக்கும் அதிகாரி, எழுதியதைப் படித்தால் தூக்கம் போய்விடும்.

அப்படி ஒருவர் லெஸ்லி டேவிஸ். நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர். 1914-ல் ஒட்டோமான் பேரரசின் (இன்றைய துருக்கி அதன் ஒரு பகுதி) கிழக்கு மூலையில் இருந்த ஹார்புட் நகருக்குக் கான்சலாகப் போனார். ரயில் எட்டாத ஊர். அங்கே அமெரிக்காவுக்கு என்ன வேலை? அமெரிக்க மிஷனரிகள் அங்கே கல்லூரி நடத்தினார்கள். அந்த ஊரில் வாழ்ந்த கிறிஸ்தவச் சிறுபான்மையினரான ஆர்மீனியர்கள் நிறையப் பேர் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள். பாஸ்போர்ட், சொத்து விவகாரம், வணிக அறிக்கை என்று கான்சலின் பொழுது போகும்.

1915 ஜூன் கடைசியில் ஆர்மீனியர்கள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. சில நாட்களே கெடு. டேவிஸ் உடனே தலைநகர் கான்ஸ்டாண்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்த அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தாவுக்கு எழுதினார். படுகொலை என்ற சொல் எவ்வளவு பயங்கரமாகக் காதில் விழுந்தாலும், இந்த நாடுகடத்தலோடு ஒப்பிட்டால் அதுவே கருணை என்றார். வக்கீல் இல்லையா, சொல்லை எடைபோட்டுத்தான் வைக்கிறார். அழுது புலம்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சரி, எழுதியாயிற்று, அனுப்புவது எப்படி? தூதரும் கான்சல்களும் தங்களுக்குள் சங்கேத எழுத்தில் பேசிக்கொள்ள ஒட்டோமான் அரசு தடை போட்டிருந்தது. அப்படியும் ஹார்புட், அலெப்போ, ட்ரெபிசாண்ட் என்று பல ஊர்களிலிருந்து செய்திகள் வந்து சேர்ந்தன. அவற்றை வைத்துத்தான் ஜூலை 16 அன்று மார்கெந்தாவ் வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார்: கலகத்துக்குப் பதிலடி என்ற சாக்கில் ஓர் இனத்தையே அழிக்கும் வேலை நடக்கிறது. ‘இனப்படுகொலை’க்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல் அப்போது பிறக்கவே இல்லை.

வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் இவற்றையெல்லாம் படித்தவர்தான். 1916 நவம்பரில் அதிபர் வில்சனுக்கு எழுதும்போது, ஆர்மீனியர்களின் விசுவாசக் குறைவைச் சொல்லி, நாடுகடத்தியதில் ஓரளவு நியாயம் உண்டு என்கிறார். நடத்திய விதத்தில்தான் அவருக்குக் குறை. மேசை பெரிதாகப் பெரிதாகப் பார்வை மங்கும் போலிருக்கிறது!

டேவிஸுக்குக் கேள்விப்பட்டது போதவில்லை. குதிரையேறி, ஹார்புட்டுக்கு அருகே இருந்த கோல்ஜுக் ஏரிக்குப் போனார். கரையைச் சுற்றிவந்து, 24 மணி நேரத்துக்குள் பார்த்த ஆர்மீனியர்களின் உடல்கள் 10,000-க்குக் குறையாது என்று கணக்கு வைத்தார். இதற்கிடையே கான்சல் வீட்டிலேயே ஆர்மீனியர்கள் 80 பேர்வரை ஒளித்து வைத்திருந்தார். அதைப் பற்றி அப்போது யாருக்கும் கடிதம் எழுத முடியாது, இல்லையா?

1917-ல் அமெரிக்காவும் ஒட்டோமான் அரசும் உறவை முறித்துக்கொள்ள, டேவிஸ் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், பார்த்தது முழுவதையும் நீண்ட அறிக்கையாக எழுதித் துறையிடம் கொடுத்தார். அவர்கள் அதை வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். அது புத்தகமாக வெளிவந்தது 1989-ல். அப்போது டேவிஸ் உயிரோடு இல்லை.