ஒரு கடுகு எடை வைட்டமின், மீதி மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் சத்து மாத்திரை ஏதாவது இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தில்லியில் பலர் வாரம் ஒன்று போட்டுக்கொள்ளும் 60,000 யூனிட் வைட்டமின் டி காப்ஸ்யூல் என்றால் இன்னும் நல்லது. அந்த 60,000 யூனிட், எடையில் வெறும் ஒன்றரை மில்லிகிராம். தாளிக்கிற கடுகு ஒன்றைவிடக் குறைவு. அப்படியானால் அந்தக் குண்டுக் காப்ஸ்யூலில் மீதி என்ன? எண்ணெய், ஜெலட்டின், கிளிசரின், நிறம். மாத்திரையாக இருந்தால் ஸ்டார்ச், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, மேல்பூச்சு. கோதுமை, பால், சோயா என்று இரண்டு மூன்று பொருட்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்க்க வேண்டியது இந்த மீதியைத்தான்.

தில்லி முனிர்காவில் 18 வருடமாக மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். என் மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் அவள் குடலைப் புண்ணாக்கும், அதனால் அவை கூடாது. அதோடு பால் அலர்ஜியும் உண்டு. அவளுக்கு ஏழு வயதில் கால்சியம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். விழுங்க அழுவாளே என்று சாக்லேட் சுவையில் மெல்லும் மாத்திரை ஒன்றை, என் கடை அலமாரியிலிருந்தே எடுத்துப்போனேன். முன்பக்கம் பச்சைப் புள்ளியைப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பவில்லை. பத்து நிமிடத்தில் உதடு தடித்துப்போய், “அம்மா, வாய் அரிக்குது” என்றாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் டப்பாவைத் திருப்பினேன். மடிப்பு ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ‘கன்டெய்ன்ஸ் மில்க்’, அதாவது பால் உள்ளது. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. நம் நாட்டு விதியில் பாலும் சைவம்தான்.

உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். 112-ஐக் கூப்பிடுங்கள்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதிகளின்படி க்ளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா, கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் அளவுக்கு மேல் இருந்தால் ‘கன்டெய்ன்ஸ்’ என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். எள் இந்தப் பட்டியலில் இல்லை. எள் ஆகாதவர்கள் முழுப் பொருட்பட்டியலையும் படிக்கத்தான் வேண்டும்.

இதெல்லாம் உணவாக விற்கும் சப்ளிமென்ட்டுக்கு. அதில் 14 இலக்க உரிம எண்ணும் ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’ (மருந்தாகப் பயன்படுத்த அல்ல) என்ற வாசகமும் இருக்கும். மருந்தாக விற்கும் ஸ்ட்ரிப்பிலோ, பல நேரம் ‘எக்ஸிபியன்ட்ஸ்’, அதாவது மருந்தோடு சேர்க்கும் துணைப்பொருட்கள், என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். டாக்டர் அதைத்தான் எழுதியிருக்கிறார் என்றால், அதில் அச்சிட்ட கம்பெனி முகவரிக்கு பேட்ச் எண்ணோடு எழுதிக் கேளுங்கள்: ஸ்டார்ச் மக்காச்சோளமா, கோதுமையா? லாக்டோஸ் உண்டா? எண்ணெய் எது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் “ஒன்றும் ஆகாது” என்றால் நம்பாதீர்கள். கடைக்காரியாகவே சொல்கிறேன், எங்களுக்கும் ஸ்ட்ரிப்பில் எழுதாதது தெரியாது.

சில சத்துகள் எதிலிருந்து வருகின்றன என்பதே பிரச்சினை. மூட்டுவலிக்கு விற்கும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால் நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. ஒமேகா-3 மீன் எண்ணெய். மீன் ஆகாதவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது.

பால் குடித்தால் வயிறு உப்புவதும் பால் அலர்ஜியும் ஒன்றல்ல. ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட 10 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. மாத்திரையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. வயிறு உப்புபவர்களில் பெரும்பாலோரை அது ஒன்றும் செய்யாது. அலர்ஜி என்றால் மட்டும் இந்தக் கணக்கு போடாதீர்கள்.

அப்புறம், ஒரே நாளில் மூன்று டப்பா திறக்காதீர்கள். ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரம் பாருங்கள், பிறகு அடுத்தது. இருபது மூலிகை சேர்ந்த கலவை எனக்குப் பிடிக்காது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கும் ஐ.ஜி.ஜி. சோதனைக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள். நீங்கள் சாப்பிட்டு வந்ததை அது காட்டும், ஆகாததை அல்ல. சீலியாக் சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்தும் முன்பே டாக்டரிடம் போங்கள். நிறுத்திவிட்டுப் போனால் சோதனை சரியாகக் காட்டாது.

கோதுமை ஆகாத ஒரு மாமி, இரும்புச்சத்து மாத்திரையை மூன்று கம்பெனி மாற்றினார். வயிறு அடங்கவில்லை. சமையலறையில் இருக்கும் டப்பாக்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். தினம் ரசத்துக்குப் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா இருந்தது.

என் மகளுக்கு இப்போது 14 வயது. எந்த டப்பாவையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். போன மாதம் வழக்கமாக வாங்கும் அதே டப்பா, அதே அட்டை. பின்பக்கம் மட்டும் புதிதாக ஒரு சொல்: பார்லி. திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நன்றி, வணக்கம்.